அட்டவணையின் வரிசையும் பொருளும்: புள்ளியியல் மென்பொருள்வழித் தரவமைப்பு – புதுச்சேரித் தரவுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வுக் கட்டுரைகளில் இடம்பெறும் அட்டவணைகள் பெரும்பாலும் புள்ளியியல் மென்பொருள்களால் உருவாக்கப்படுகின்றன. அவற்றின் வரிசைமுறை, எழுத்தெண்ணிக்கை, எண்வடிவம் ஆகியவற்றை ஆய்வாளர் தீர்மானிப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் மென்பொருளின் முன்னமைவுகளே தீர்மானிக்கின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகைத் தரவுகளையும் சட்டமன்றத் தொகுதிப் பெயர்களையும் சான்றாகக் கொண்டு, அம்முன்னமைவுகள் தமிழ்த் தரவின் பொருளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அட்டவணை, நிரல்நிறை, அகரவரிசை, ஒருங்குறி, ஆர் மொழி, புதுச்சேரி.

முன்னுரை

ஓர் ஆய்வுக் கட்டுரையின் உரைநடையை மதிப்பீட்டாளர் வரிவரியாகப் படிக்கிறார், சந்திப்பிழையைச் சுட்டுகிறார், மேற்கோளின் மூலத்தைக் கேட்கிறார். அதே கட்டுரையின் அட்டவணைக்கு இத்தகைய வாசிப்பு வாய்ப்பதில்லை. கணினி தந்தது சரியாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். அட்டவணையை உரையின் பகுதியாகக் கருதாமல், உரைக்கு இணைத்த ஒப்பனையாகக் கருதுவது மற்றொரு காரணம். இரண்டாவது காரணமே ஆழமானது. ‘தரவை அழகுற அமைத்தல்’ என்ற சொற்றொடரிலேயே அந்த எண்ணம் வெளிப்படுகிறது.

அட்டவணை ஒரு பனுவல். நிரையும் நிரலும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு கூற்று. எந்த நிரை முதலில் நிற்கிறது, எவ்விரு எண்கள் அருகருகே அமைகின்றன, எந்தக் கட்டம் வெறுமையாக விடப்படுகிறது என்பவை யாவும் வாசகரின் முடிவை வழிநடத்துகின்றன. ஆதலின் அட்டவணையும் திறனாய்வுக்கு உரியதே.

நிரல்நிறை என்னும் முன்னோடி

இவ்வகைப் பொருத்திப் படித்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய எச்சவியல் கூறும் பொருள்கோள் நான்கனுள் நிரல்நிறையும் ஒன்று. நன்னூல் எட்டாக விரித்தபோதும் அது இடம்பெற்றது. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய வினைகளையோ பயனிலைகளையோ மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என வாசகரே கொள்ளுமாறு விடுவது நிரல்நிறை. கோடுகள் வரையப்படாத அட்டவணை அது. எதிர் நிரல்நிறையில் அவ்வரிசை தலைகீழாகும். அப்போதும் பொருத்தம் கெடுவதில்லை. வாசகர் அறிய வேண்டிய விதி மட்டுமே மாறுகிறது.

விரிதாளில் ஒரு நிரலை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தி, ஏனைய நிரல்களை அப்படியே விட்டுவிட்டால் நேர்வது இதற்கு நேர்மாறானது. பெயர்கள் இடம்பெயர்கின்றன, எண்கள் பெயர்வதில்லை. வரிசைகள் ஒழுங்காகவே காட்சியளிக்கும். பொருத்தம் மட்டும் அழிந்திருக்கும். உரையாசிரியர் மொழிமாற்றிக் கொள்ளவும் அங்கே விதி ஏதும் இல்லை. ஆர் போன்ற நிரல்மொழிகள் தரவுச்சட்டகத்தின் முழு நிரையையும் ஒன்றாகவே நகர்த்துவதால் இப்பிழை அங்கு எளிதில் நேராது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய அம்மொழி, 2000ஆம் ஆண்டில் தன் முதல் முழுப்பதிப்பை எட்டியது. கட்டளைகள் யாவும் கோப்பில் எழுதப்பட்டு நிற்பதால், அட்டவணை எவ்வாறு பிறந்தது என்பதைப் பின்னர் எவரும் சரிபார்க்கலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் எழுதப்பட்ட கட்டளைகளை மட்டுமே அவ்வாறு சரிபார்க்க இயலும். எழுதப்படாத முன்னமைவுகள் கோப்பில் தென்படுவதில்லை.

நான்கு பகுதிகள், ஐந்து வரிசைகள்

1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு நிருவாகத்திலிருந்து நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த பகுதிகள் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என நான்கு. அவை ஒன்றோடொன்று நிலத்தொடர்பற்றவை. மாகே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்திலும் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவற்றின் மக்கள்தொகை வருமாறு:

அட்டவணை 1: புதுச்சேரி ஒன்றியப் பகுதி – மக்கள்தொகை, 2011

| பகுதி | மக்கள்தொகை | விழுக்காடு |
|---|---:|---:|
| புதுச்சேரி | 9,50,289 | 76.15 |
| காரைக்கால் | 2,00,222 | 16.04 |
| ஏனாம் | 55,626 | 4.46 |
| மாகே | 41,816 | 3.35 |
| மொத்தம் | 12,47,953 | 100.00 |

நான்கே நிரைகள், எனினும் அவற்றை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பதற்கு ஒரே விடை இல்லை. ஊர் வழக்கில் மக்கள் சொல்லும் வரிசை புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்பது. ஆங்கில அகரவரிசையில் காரைக்கால் முதலிலும் ஏனாம் இறுதியிலும் வரும். தமிழ் அகரவரிசையில் ஏனாம் முதலில் வரும். மாகே இறுதியில் நிற்கும். 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் குறியெண்படி ஏனாம், புதுச்சேரி, மாகே, காரைக்கால் என்பது வரிசை. அது வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய நிலவியல் வரிசையோடு ஒத்துள்ளது. மேலேயுள்ள அட்டவணையோ மக்கள்தொகையின் இறங்குவரிசை.

இவற்றுள் ஒன்றைத் தேர்வது ஆய்வாளரின் கடமை. பிரித்தானிய அரச புள்ளியியல் கழக இதழில் 1977ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் ஏ.எஸ்.சி. எரன்பர்க், நிரைகளை அளவின் அடிப்படையில் அடுக்க வேண்டும் என்றும், எண்களைக் கடுமையாக முழுமையாக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அகரவரிசை, பெயரைத் தேடுவோருக்கு உதவும். எண்களின் கோலத்தைக் காண்போருக்கு உதவாது என்பது அவ்வாதத்தின் சாரம். தமிழாய்வு அட்டவணைகள் பலவற்றில் காணப்படுவது இவ்விரு நோக்கங்களில் எதுவும் அன்று. ஆங்கிலத்தில் உள்ளிட்ட பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்படுகின்றன. பின்னர் அப்பெயர்கள் மட்டும் தமிழாக்கப்படுகின்றன. காரைக்கால், மாகே, புதுச்சேரி, ஏனாம் என நிற்கும் தமிழ் அட்டவணைக்குத் தமிழில் எந்த நியாயமும் இல்லை. மறைந்துபோன மற்றொரு மொழியின் தடம் மட்டுமே அதில் எஞ்சியிருக்கிறது.

‘மொத்தம்’ என்னும் இறுதி நிரையும் எண்ணத்தக்கது. அதே கணக்கெடுப்பில் ஆண்கள் 6,12,511, பெண்கள் 6,35,442, ஆகவே ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1,037. இதனைப் ‘புதுச்சேரியின் பாலின விகிதம்’ எனக் கூறும் கட்டுரை, ஒன்றியப் பகுதியைக் குறிக்கிறதா, மாவட்டத்தைக் குறிக்கிறதா, நகரத்தைக் குறிக்கிறதா என்பதைத் தலைப்பிலேயே தெளிவுபடுத்த வேண்டும். மூன்றுக்கும் பெயர் ஒன்றே. முக்கால் பங்குக்கு மேற்பட்ட மக்கள் ஒரே பகுதியில் வாழ்வதால், மொத்தத்தின் சராசரி பெரும்பாலும் அப்பகுதியின் சராசரியாகவே இருக்கும். மாகேயைப் பற்றி அது ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை.

னகரம் எங்கே நிற்கிறது?

தமிழ் அகரவரிசையின்படி அடுக்குமாறு மென்பொருளைப் பணிப்பது மேற்கண்ட குறையை நீக்கிவிடும் என எண்ணலாம். சிக்கல் அங்குதான் கடுமையாகிறது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவதாக வரையறுக்கிறது. ஒருங்குறியில் னகரம் இறுதியில் இல்லை. நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும், வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. இந்திய எழுத்துகள் அனைத்தையும் தேவநாகரியின் சட்டகத்தில் இணையாக நிறுத்திய இஸ்கி குறியீட்டுமுறையிலிருந்து இவ்வடுக்கு ஒருங்குறிக்கு வந்தது. புள்ளியோ உயிர்மெய்க் குறிகள் அனைத்திற்கும் பின்னால் இடம்பெற்றுள்ளது. அகராதியில் ‘க்’ என்பது ‘க’வுக்கு முன் வரும், குறியெண் வரிசையில் ‘கௌ’வுக்கும் பின் வரும்.

குறியெண் வரிசை என்பது எழுத்துகளின் சேமிப்பு முகவரி மட்டுமே, அகரவரிசை அன்று. ஒருங்குறி அமைப்பே இதற்குத் தனியான வரிசைப்படுத்தும் விதிகளை வகுத்துள்ளது. அவற்றைக் கையாண்டால் தமிழ் வரிசை கிடைக்கும். குறை, அவ்விதிகளை அழைக்காத முன்னமைவில் உள்ளது. ஆர் மொழியில் தரவுகளைக் கையாளப் பெரிதும் பயன்படும் டீபிளையர் தொகுப்பு, 2023இல் வெளிவந்த 1.1.0 பதிப்பு முதல், வேறு கட்டளை தரப்படாதவிடத்துச் ‘சி’ வட்டார அமைப்பின்படி, அதாவது குறியெண் வரிசைப்படியே அடுக்குகிறது. எல்லாக் கணினிகளிலும் ஒரே விளைவு கிடைக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கம் அதற்கு உண்டு. ஆரின் அடிப்படை வரிசைக் கட்டளை கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றுவதால், ஒரே நிரல் இரு கணினிகளில் இரு வரிசைகளைத் தரக்கூடும். ஒரே தன்மையைப் பெறுவதற்காகத் தமிழ் வரிசை விலையாகத் தரப்பட்டிருக்கிறது எனலாம்.

இதன் விளைவைப் புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிப் பெயர்களைக் கொண்டே காணலாம். அகரவரிசையில் முத்தியால்பேட்டைக்குப் பின்னரே முதலியார்பேட்டை வர வேண்டும். தகர மெய் தகர உயிர்மெய்க்கு முற்பட்டது. குறியெண் வரிசையில் முதலியார்பேட்டை முந்திக்கொள்கிறது. மண்ணாடிப்பட்டுக்கு முன் மணவெளியும், நெட்டப்பாக்கத்துக்கு முன் நெடுங்காடும் இவ்வாறே வந்துவிடுகின்றன. ஏம்பலம், ஏனாம் ஆகிய இரண்டும் னகரத்தின் இடத்தால் நிலைமாறுகின்றன. முப்பது பெயர்களில் எட்டுப் பெயர்கள் தம் இடத்தில் இல்லை.

இப்பிழை எளிதில் அகப்படுவதும் இல்லை. புதுச்சேரிப் பகுதியின் உள்ளாட்சிகளான அரியாங்குப்பம், உழவர்கரை, நெட்டப்பாக்கம், பாகூர், புதுச்சேரி, மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் ஆகிய ஏழையும் அடுக்கிச் சோதிப்பவர், இரு வரிசைகளும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பார். காரைக்கால் பகுதியின் ஆறு உள்ளாட்சிகளும் அவ்வாறே பிழையின்றி அமையும். இரு பகுதிகளையும் ஒரே அட்டவணையில் சேர்க்கும்போதுதான் நெட்டப்பாக்கமும் நெடுங்காடும் சந்திக்கின்றன. பிழையும் அப்போதே வெளிப்படுகிறது. சிறு சோதனையில் தேறிய நிரல் பெருந்தரவில் தவறும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

முப்பது பெயர்களில் வாசகர் எப்படியும் தேடியதைக் கண்டடைவார். பல்லாயிரம் சொற்களைக் கொண்ட சொல்லடைவில் அது நிகழாது. கல், கலம், கலி, கலை என நிற்க வேண்டியவை கலம், கலி, கலை, கல் என மாறிவிட்டால், ‘கல்’ என்பதைத் தேடுபவர் அச்சொல் அந்நூலில் பயிலவில்லை என்றே முடிவு செய்யக்கூடும். புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பண்டைத் தமிழிலக்கியச் சொல்லடைவை இங்கு நினைத்தல் தகும். ஒருங்குறி தோன்றாத அக்காலத்தில், வரிசையின் பொறுப்பு முழுவதும் தமிழறிந்தவர் கண்ணிலும் கையிலும் இருந்தது. இன்று அதே பணியை ஒரு கட்டளை நொடியில் முடித்துவிடுகிறது; வரிசையைத் தமிழறிந்த ஒருவர் பார்க்கும் கட்டம் மட்டும் பணியொழுங்கிலிருந்து நீங்கிவிட்டது.

ஒரு சொல், இரு நிரைகள்

வரிசையைவிட நுட்பமானது எண்ணிக்கைச் சிக்கல். ‘புதுச்சேரி’ என்பதில் எழுத்துகள் ஐந்து என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் கூறுவர். ஆர் மொழியில் எழுத்துகளை எண்ணும் அடிப்படைக் கட்டளை பத்து என விடையளிக்கும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. சொல்லின் சராசரி நீளம், சீரின் எழுத்தளவு, எழுத்துப் பயில்வு ஆகியவற்றை அளவிடும் ஆய்வுகளில் இவ்வேறுபாடு முடிவையே மாற்றும். பிழை எல்லாச் சொற்களிலும் ஒரே மடங்கில் நேர்வதும் இல்லை. ‘மர’ என்பதில் எண்ணிக்கை சரியாக இருக்கும், ‘புதுச்சேரி’யில் இருமடங்காகும். ஆகவே பின்னர் ஒரு பொது எண்ணால் வகுத்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஸ்ட்ரிங்கி தொகுப்பில் எழுத்துக்கொத்துகளை எண்ணும் வசதி உண்டு. அதனைத் தேடிக் கண்டறிவதற்கு முன், முதல் விடை தவறு என்னும் ஐயம் ஆய்வாளருக்குத் தோன்ற வேண்டும்.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் மற்றொரு பொறி உள்ளது. புதுச்சேரி நிருவாக வழக்கில் அன்றாடம் புழங்கும் ‘கொம்யூன்’ என்ற பிரெஞ்சுவழிச் சொல்லின் முதலெழுத்தை, ஒரே குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக்கொம்பும் காலும் இணைந்த இரு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கு அவை இரு வேறு சொற்கள். இருவர் இரு விசைப்பலகைகளில் உள்ளிட்ட தரவை ஒன்றுசேர்த்து அட்டவணையாக்கினால், கோட்டுச்சேரி என்னும் பெயர் இரு நிரைகளில் தோன்றி, அதன் மக்கள்தொகை இரண்டாகப் பிளவுபடக்கூடும். வரிசைப்படுத்துவதற்கும் எண்ணுவதற்கும் முன்பே தரவை ஒருங்குறியின் இயல்பாக்க வடிவுக்கு மாற்றிக்கொண்டால் இது நேராது. ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்–16 முறையை ஒருங்குறியுடன் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. எனினும் புள்ளியியல் மென்பொருள்களின் உலகம் ஒருங்குறியையே பின்பற்றுகிறது. அங்கேயே தீர்வு காண வேண்டியுள்ளது.

பதின்ம இடங்களும் போலித்துல்லியமும்

முழுமையாக்கல் பற்றி எரன்பர்க் கூறியது அட்டவணை 1க்கும் பொருந்தும். விழுக்காட்டை வகுத்தெடுத்து அப்படியே அச்சிட்டால் ஆர் மொழி 76.14782 என ஏழிலக்க எண்ணைத் தரும். அதன் ஐந்தாம் பதின்ம இடத்தின் ஓர் அலகு, 12,47,953 பேரில் ஏறத்தாழ ஒரு மனிதரின் எட்டில் ஒரு பங்கு. இத்தகைய எண்ணை அட்டவணையில் இடுவது துல்லியம் அன்று, துல்லியத்தின் போலி. மாறாக முழு எண்ணாக்கினால் 76, 16, 4, 3 என வந்து கூட்டுத்தொகை 99 ஆகிறது. மொத்தத்தில் 100 என இட்டுவிட்டு வாளாவிருப்பதும், கூட்டல் பொருந்த ஓர் எண்ணை உயர்த்திவிடுவதும் நேர்மையல்ல. முழுமையாக்கத்தால் கூட்டுத்தொகை வேறுபடலாம் என்னும் ஒருவரிக் குறிப்பு போதுமானது. அக்குறிப்பே பல அட்டவணைகளில் காணப்படுவதில்லை.

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் வெளியீட்டை வெட்டி ஒட்டும் வழக்கம் இதனினும் கேடு பயப்பது. மிகச் சிறிய நிகழ்தகவு மதிப்பை அம்மென்பொருளின் பழைய பதிப்புகள் மூன்று பதின்ம இடங்களுக்குச் சுருக்கி, முன்னிருக்கும் சுழியையும் விடுத்து ‘.000’ எனக் காட்டின. அது 0.001ஐவிடச் சிறிய மதிப்பு என்பதன் சுருக்கம். கட்டுரையில் அது ‘நிகழ்தகவு 0.000’ என்றோ, ‘சுழி’ என்றோ எழுதப்படும்போது, நிகழவே இயலாதது என்னும் பொருளைப் பெற்றுவிடுகிறது. மென்பொருள் தன் இடவசதிக்காகச் சுருக்கியதை ஆய்வாளர் முடிவாக மொழிபெயர்க்கிறார். இணைய இதழ்களில் அவ்வெளியீடு படமாகவே ஒட்டப்படும்போது தேடுபொறிக்கும் அகப்படுவதில்லை; பார்வையற்ற வாசகரின் திரைபடிப்பானுக்கும் எட்டுவதில்லை. பிறர் அத்தரவை எடுத்து மறுகணக்கிடும் வாய்ப்பும் அற்றுப்போகிறது.

காற்புள்ளியின் இரு வழக்குகள்

எண்களைப் பிரிக்கும் குறியிலும் ஓர் ஊரின் வரலாறு தங்கியிருக்கிறது. இந்திய வழக்கில் 12,47,953 என எழுதப்படும் எண்ணை, ஆரின் இலக்கப்பிரிப்பு அமைப்பு மூன்றுமூன்றாகவே பிரித்து 1,247,953 என ஆக்கும். இலட்சம், கோடி என எண்ணிப் பழகிய வாசகர் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று மனத்துள் மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. ஜி.டி. என்னும் அட்டவணைத் தொகுப்பில் இந்திய முறைக்கெனத் தனித்தேர்வு இருப்பினும், அதனைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

புதுச்சேரியில் மூன்றாவது வழக்கு ஒன்றும் உண்டு. பிரெஞ்சு எழுத்து மரபில் காற்புள்ளி பதின்மக் குறி; ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளியோ முற்றுப்புள்ளியோ இடப்படும். ஆங்கில மரபில் 16.04 என்பது அங்கே 16,04. பிரெஞ்சிந்தியக் குடியேற்றங்களின் ஆண்டேடுகளையும் நிருவாகக் கணக்குகளையும் 1954க்குப் பிந்தைய இந்தியத் தரவுகளோடு இணைத்து நீண்டகால அட்டவணை அமைக்க விரும்புவோர், இந்த எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். காற்புள்ளியை ஆயிரப்பிரிப்பாகக் கருதி நீக்கிவிடும் நிரலில் 16,04 என்னும் விழுக்காடு 1604 ஆகிவிடும். இது கண்ணில் படும் பிழை, எவரேனும் திருத்துவர். அதே நிரலில் முற்றுப்புள்ளியால் ஆயிரம் பிரிக்கப்பட்ட 12.345 என்னும் மக்கள்தொகை பன்னிரண்டே சொச்சமாகச் சுருங்கும். அதுவும் பெரும்பாலும் தப்பாது. ஆபத்தானது இடைப்பட்ட நிலை. எடை, விலை, மழையளவு போன்றவற்றில் 1,250 என்பது ஒன்றேகாலா, ஆயிரத்து இருநூற்று ஐம்பதா என்பதை அலகும் சூழலும் அறிந்த வாசகர் மட்டுமே தீர்மானிக்க முடியும்.

காற்புள்ளியைப் பதின்மக் குறியாகக் கொண்டு படிக்கும் தனிக்கட்டளை ஆர் மொழியில் உள்ளது. ஆனால் அது ஒரு கோப்பு முழுவதையும் ஒரே வழக்காகவே படிக்கும். இரு ஆட்சிகளின் ஏடுகளிலிருந்து திரட்டிய கோப்பில் ஒரே நிரலுக்குள் இரு வழக்குகளும் கலந்திருக்கும். அத்தகைய கோப்பில் ஒவ்வொரு நிரைக்கும் மூல ஏட்டின் மொழியைக் குறிக்கும் ஒரு நிரலைச் சேர்த்து, எண்களை முதலில் எழுத்துத் தரவாகவே படித்து, மொழிவாரியாகப் பிரித்த பின்னரே எண்ணாக்க வேண்டும். இறுதி அட்டவணையில் அந்த மொழி நிரலை நீக்கிவிடும் வழக்கமும் கைவிடத்தக்கது. எந்த எண் எந்த வழக்கிலிருந்து மாற்றப்பட்டது என்பதை மதிப்பீட்டாளர் காண்பதற்கு அதுவன்றி வேறு இடமில்லை.